வண்டியின் கூரையில் படுக்கை, வெளியே மைனஸ் 9! ஸ்பிட்டியில் நடுங்காமல் தூங்குவது எப்படி?

காரின் கூரையில் ஒரு பெட்டி. கொக்கியை விடுவித்து மேலே தள்ளினால் இரண்டு மூன்று நிமிடத்தில் கூடாரம். ஏணியைச் சாய்த்தால் படுக்கையறை தயார். 'ரூஃப்டாப் டென்ட்' என்கிற இந்தக் கூரைக் கூடாரத்தை யூடியூபில் பார்த்து ஏங்காத பயணப் பிரியர்கள் இன்று குறைவு. ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பூச்சிகளுக்கும் ஈரத் தரைக்கும் பயந்து மேலே ஏறிப் படுத்தவர்களின் பழக்கம் இது. இப்போது நம் இமயமலைச் சாலைகளிலும் தலையில் பெட்டி சுமந்த வண்டிகள் வரிசையாகப் போகின்றன.

வீடியோவில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பனிமலை, கையில் ஆவி பறக்கும் காபி. ஆனால், அந்த வீடியோ எதுவும் இரவு 2 மணியைக் காட்டுவதில்லை. அந்த 2 மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அக்டோபர் இரண்டாவது வாரத்தில் நானும் கணவரும் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போனோம். சண்டிகரில் கூடாரத்தோடு ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். ஊரில் கேட்ட எல்லோருக்கும் ஒரே கேள்வி: "குளிராதா?"

குளிரும். ஆனால், எங்கிருந்து குளிரும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

மெதுவாக ஏறினால்தான் ஸ்பிட்டி

ஸ்பிட்டி, மழை மறைவுப் பிரதேசம். மரங்கள் அரிது. பழுப்பு மலை, நீல வானம், நடுவே நூலாக ஓடும் ஸ்பிட்டி ஆறு. போவதற்கு இரண்டு வழி. மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாகப் போவது குறுக்கு வழி. ஆனால், ஒரே நாளில் 4,500 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட வேண்டியிருக்கும். பனி விழத் தொடங்கினால் அந்தக் கணவாய் மூடிவிடும். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகப் போவது நீண்ட வழி. 400 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆனால், உயரம் படிப்படியாகக் கூடும். உடம்புக்கு இதுதான் நல்லது.

நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கின்னௌரில் இருக்கும் கல்பா கிராமமே 2,900 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. அங்கே ஓர் இரவு. பிறகு தாபோவில் இரண்டு இரவு. தாபோ சுமார் 3,280 மீட்டர். கி.பி. 996-ல் நிறுவப்பட்ட புத்த மடம் அங்கே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண் சுவர்தான். உள்ளே நுழைந்தால் ஆயிரம் ஆண்டுப் பழைமையான ஓவியங்களும் சுதைச் சிற்பங்களும் அரையிருட்டில் நம்மைப் பார்க்கின்றன. அந்தத் தடித்த மண் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது அது வெளிக்காற்றைப்போலச் சில்லென்று இல்லை என்பதைக் கவனித்தேன். பகல் வெயிலை வாங்கி மெதுவாக விடும் சுவர். இந்தப் பகுதியின் குளிர் பாடத்துக்கு அதுதான் முதல் அத்தியாயம்.

தாபோவுக்குப் பிறகு, சுமார் 3,700 மீட்டரில் இருக்கும் காஸாவில் இரண்டு இரவு. அதன் பிறகுதான் 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள லாங்சா கிராமத்துக்குக் கூடாரத்தோடு ஏறினோம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. உயரம் பழகாத உடம்பு குளிரையும் சரியாகத் தாங்காது. பசி எடுக்காது, தூக்கம் வராது, தலை வலிக்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கினாலும் அது இதற்கு மருந்தாகாது.

மொட்டை மாடி டேங்க் சொல்லும் பாடம்

மார்கழி மாதக் காலையில் மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் குளித்துப் பாருங்கள். அதே வீட்டில் தரைக்குக் கீழே இருக்கும் சம்ப் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். டேங்க் தண்ணீர் சுள்ளென்று கடிக்கும். சம்ப் தண்ணீர் அவ்வளவு கடிக்காது. காரணம் எளிது. சம்பைச் சுற்றி மண் இருக்கிறது. டேங்கைச் சுற்றி மேலே, பக்கத்தில், சில சமயம் அடியிலும்கூடக் காற்றுதான்.

கூரைக் கூடாரம் என்பது அந்த டேங்க். தரையில் போடும் கூடாரத்துக்கு அடியில் குளிர்ந்த மண்தான் இருக்கிறது. ஆனாலும் அடியில் காற்று ஓடாது. கூரைக் கூடாரத்துக்கு அடியில் பலகை, அதற்கும் காரின் கூரைக்கும் நடுவே இடைவெளி, அதில் இரவெல்லாம் காற்று. நாம் போர்வை மேல் போர்வையாகப் போர்த்திக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருப்போம். முதுகு வழியாக வெப்பம் கசிந்து போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கமும் இதற்கு உதவாது. ஏனென்றால், அதற்குள் இருக்கும் இறகோ பஞ்சோ உப்பியிருந்தால்தான் காற்றைச் சிறைபிடித்து வெப்பம் காக்கும். நம் உடல் எடையில் அது அடியில் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பஞ்சு வெறும் துணிதான்.

அதனால், முதல் செலவு மேலே போர்த்துவதற்கு அல்ல, கீழே விரிப்பதற்கு. கூடாரத்தோடு வரும் மெத்தை பெரும்பாலும் ஐந்தாறு சென்டிமீட்டர் ஃபோம். ஊட்டி, கொடைக்கானலுக்கு அது போதும். மைனஸுக்குப் போதாது. படுக்கை விரிப்புகளுக்கு 'ஆர்-வேல்யூ' என்று ஓர் எண் போடுகிறார்கள். வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. எண் கூடினால் சூடு நிற்கும். உறைபனி இரவுக்கு 4-க்கு மேல், கடுங்குளிருக்கு 5, 6 என்று பார்த்து வாங்க வேண்டும். இதில் ஒரு வசதி, ஒன்றன்மேல் ஒன்று போட்டால் எண்கள் கூடிக்கொள்ளும். சுமார் 2 மதிப்புள்ள சாதாரண ஃபோம் விரிப்பை 3 மதிப்புள்ள காற்றடைத்த விரிப்போடு சேர்த்தால் 5 கிடைக்கும். எங்கள் கூடாரத்தில் மெத்தைக்கு மேல் இரண்டு ஃபோம் விரிப்புகளையும், அதற்கு மேல் காஸா சந்தையில் வாங்கிய தடித்த கம்பளி ஒன்றையும் விரித்தோம். மூன்று நாள் பயணத்துக்குப் புது விரிப்பு வாங்க மனம் வராதவர்கள், வீட்டில் இருக்கும் யோகா மேட்களை எடுத்துப் போனால்கூட ஒன்றுமில்லாததற்கு மேல்.

இடம் பார்ப்பதே பாதி வெப்பம்

லாங்சாவில் மலைச்சரிவில் பெரிய புத்தர் சிலை ஒன்று பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறது. எதிரே 6,300 மீட்டர் உயரமுள்ள சௌ சௌ காங் நில்டா சிகரம். காலடியில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிமங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இது டெத்திஸ் கடலின் அடிப்பரப்பு. (யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். கீழே கிடந்தாலும் எடுக்காதீர்கள்.)

ஊர்க்காரர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில்தான் வண்டியை நிறுத்தினோம். ஸ்பிட்டியில் காலி நிலம் போலத் தெரிவது பார்லியோ பட்டாணியோ அறுவடை முடிந்த வயலாக இருக்கலாம், யாக்குகள் மேயும் இடமாக இருக்கலாம். சந்திரதால் ஏரிக்கரை போன்ற இடங்களில் கூடாரம் போடவே அனுமதி இல்லை.

இடம் தேர்வு செய்யும்போது மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும்.

ஒன்று, பள்ளம் கூடாது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கி ஆற்றோரத்திலும் குழிவான இடங்களிலும் தேங்கும். ஆற்றங்கரைப் புகைப்படம் அழகுதான். ஆனால், கொஞ்சம் மேலே சரிவில் நிறுத்தினால் சில டிகிரி மிச்சம்.

இரண்டு, காற்று மறைப்பு. பள்ளத்தாக்குகளில் மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும். ஒரு கல் சுவரோ வீடோ காற்றைத் தடுக்கும் பக்கமாக நிறுத்த வேண்டும். கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். அகலமான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டினால் துணி இரவெல்லாம் படபடத்து தூக்கத்தையும் கெடுக்கும், வெப்பத்தையும் துடைத்துப் போகும்.

மூன்று, காலை வெயில். எந்த மலைக்குப் பின்னால் சூரியன் வரும், முதல் வெயில் எங்கே விழும் என்று முந்தைய மாலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மலையின் நிழல் உங்களை ஒன்றரை மணி நேரம் கூடுதலாக நடுங்க வைக்கலாம்.

குக்கர் விசிலும் சுடுதண்ணீர் பாட்டிலும்

4,400 மீட்டரில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று பருப்பைப் போட்டால் அரை மணி நேரம் கழித்தும் பருப்பு பருப்பாகவே நிற்கும். நம் வீட்டு பிரஷர் குக்கர்தான் இங்கே கதாநாயகன். மூன்று லிட்டர் குக்கர் ஒன்றைக் கூடவே எடுத்துப் போங்கள். அரிசியும் பருப்பும் போட்டு நெய் ஊற்றிய பொங்கல் மாதிரி ஒரு குளிர்கால இரவு உணவு வேறு இல்லை. மிளகும் இஞ்சியும் நாக்குக்கு. நெய்தான் உடம்புக்கு. கொழுப்பு மெதுவாகச் செரித்து இரவு முழுக்க எரிபொருள் தரும். ஸ்பிட்டிக்காரர்கள் தேநீரில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்து குடிப்பதன் காரணமும் இதுதான்.

சமையல் எல்லாம் வண்டிக்கு வெளியே, தரையில். சின்ன கேன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். பூட்டேன் மட்டும் நிரப்பிய கேன், பூஜ்யத்துக்குக் கீழே ஆவியாகாது. அடுப்பு பற்றவே பற்றாது. புரொப்பேன் கலந்த கேனாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சாப்பிட்டதும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கசியாத உறுதியான பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, ஒரு கம்பளி சாக்ஸுக்குள் நுழைத்துவிடுங்கள். படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டால், ஏறும்போது கூடு சூடாகக் காத்திருக்கும். பிறகு அதைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுவதால் கால் விரல்கள்வரை சூடு போகும். காலையில் அதே தண்ணீர் உறையாமல் குடிக்கவும் கிடைக்கும்.

"ஒரு பெக் போட்டால் சூடாகிவிடும்" என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் உண்டு. மது, தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சூடாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் உடலின் உள்வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும். உயரத்தில் தூக்கத்தையும் மூச்சையும் அது வேறு கெடுக்கும். வேண்டாம்.

ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று எண்கள்

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற தர அளவின்படி சோதிக்கப்பட்ட பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான எண். தூங்குவதற்கானது அல்ல. பார்க்க வேண்டியது கம்ஃபர்ட். அதுதான் சராசரிப் பெண்ணின் உடலை அளவாக வைத்துக் கணக்கிடப்பட்டது. லிமிட், சராசரி ஆணுக்கானது. மைனஸ் 10 எதிர்பார்க்கிற இடத்துக்கு, கம்ஃபர்ட் எண்ணே மைனஸ் 10 உள்ள பை வேண்டும். அந்த எண்களும் அடியில் நல்ல விரிப்பு இருக்கிறது என்று வைத்துத்தான் போடப்படுகின்றன.

உடை விஷயத்தில் ஒரே விதி: உலர்ந்தது. பகலெல்லாம் போட்டுக்கொண்டிருந்த சாக்ஸில் தெரியாமலே வியர்வை ஈரம் இருக்கும். படுக்கும் முன் உள்ளாடை, சாக்ஸ் இரண்டையும் மாற்றிவிடுங்கள். அதற்கென்று ஒரு செட் தெர்மல் உடையைத் தனிப் பையில் வைத்து, இரவில் மட்டும் போடுங்கள். தலைக்கு மங்கி குல்லா. கழுத்தைச் சுற்றி மஃப்ளர். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பைக்குள் திணித்துக்கொள்வதைவிட, பைக்கு மேலே போர்த்தினால் பை நசுங்காது.

படுக்கும் முன் கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். இதை நாசூக்காகத் தவிர்க்கிறார்கள். ஆனால், மைனஸ் குளிரில், இருட்டில், பனி படிந்த ஏணியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்குவதுதான் இந்தப் பயணத்தின் உண்மையான ஆபத்துகளில் ஒன்று. தலையில் மாட்டும் டார்ச் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி இறங்க வேண்டும், முதுகு காட்டி அல்ல. செல்போனும் பவர் பேங்கும்கூடக் குளிரில் சோர்ந்துபோகும். அவற்றையும் பைக்குள்ளேயே படுக்க வையுங்கள்.

ஜன்னலைத் திறந்து வைக்கணுமா?

ஆமாம். கேட்டதும் கோபம் வரும். ஆனால் திறக்கத்தான் வேண்டும்.

ஒருவர் மூச்சின் வழியாகவும் தோல் வழியாகவும் ஓர் இரவில் கால் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரை ஆவியாக வெளியேற்றுகிறார். இரண்டு பேர் என்றால் அரை லிட்டர். கூடாரத்தை இறுக மூடிவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த துணியில் பட்டு உறைபனியாகப் படியும். விடிகாலையில் லேசாகத் தட்டினாலே முகத்தில் பனி கொட்டும். வெயில் வந்ததும் உருகி ஸ்லீப்பிங் பேக்கை நனைக்கும். நனைந்த இறகு உப்பாது. முதல் இரவு சமாளித்தவர்கள் இரண்டாவது இரவு நடுங்குவது இதனால்தான்.

எதிரெதிர்ப் பக்கங்களில், மேற்புறமாக, நான்கு விரல் அளவு திறந்து வைத்தால் போதும். காற்று நேராக மேலே படாமல் ஈரம் மட்டும் வெளியேறும். பைக்குள் தலையை நுழைத்து மூச்சு விடுவதும் கூடாது. மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். மெத்தைக்கு அடியிலும் ஈரம் கோத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள வலைபோன்ற விரிப்பு ஒன்றை மெத்தைக்குக் கீழே போட்டால் அது குறையும். காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்தி உலர்த்த மறக்காதீர்கள்.

இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படியுங்கள்

கூடாரத்துக்குள் நெருப்பு வேண்டாம். கேஸ் ஹீட்டர் வேண்டாம். அடுப்பு வேண்டாம். கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். கூடாரத்துக்குக் கீழே இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் வேண்டாம்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளாவிலிருந்து சுற்றுலா போன இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த எட்டு பேர் ஒரே அறையில் இறந்துபோனார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். குளிருக்காக அறையில் கேஸ் ஹீட்டர் போட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். அது ஒரு விடுதி அறை. கூடாரமோ அதைவிடப் பல மடங்கு சிறியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அது 200 மடங்குக்கும் மேலான வலுவோடு ஒட்டிக்கொள்கிறது. மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை அந்த வாயுவின் அறிகுறிகள். உயர நோயின் அறிகுறிகளும் அவையே! "உயரத்தால் வந்த தலைவலிதான், தூங்கினால் சரியாகிவிடும்" என்று படுத்துக்கொள்பவர் எழுந்திருக்காமலே போகலாம். கேஸ் எரிவதால் உள்ளே ஈரமும் கூடும் என்பது உபரித் தகவல். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும்.

டீசல் ஹீட்டர் பற்றிக் கேட்பீர்கள். அது வெளியே எரிந்து, புகையை வெளியே விட்டு, சூடான காற்றை மட்டும் குழாய் வழியாகக் கூடாரத்துக்குள் அனுப்பும் கருவி. முறையாகப் பொருத்தினால் பயன்படும். ஆனால், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் சரியாக எரியாமல் கரி படியலாம். புகைக்குழாய் காற்றின் திசையில் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் தலைமாட்டில் கட்டாயம் வேண்டும்.

மின்போர்வை பாதுகாப்பானது. ஆனால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 50 வாட் போர்வை 8 மணி நேரம் ஓடினால் 400 வாட்-மணி. 60 ஆம்பியர்-மணி கார் பேட்டரியில் இருப்பதே சுமார் 720 வாட்-மணிதான். குளிரில் அதுவும் குறையும். இரவு சூடாகத் தூங்கிவிட்டு, காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். தனி பேட்டரி இருந்தால் மட்டும் போர்வை.

"கீழே என்ன கட்டியிருக்கீங்க?"

லாங்சாவில் நாங்கள் வண்டி நிறுத்திய இடத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா, மாலையில் தேநீருக்கு அழைத்தார். ஸ்பிட்டி வீடுகள் வெள்ளை அடித்த மண் சுவர் வீடுகள். சின்ன ஜன்னல்கள். தட்டைக் கூரையின் விளிம்பில் சுள்ளி விறகு அடுக்கியிருக்கும். நடு அறையில் 'தந்தூர்' என்று அவர்கள் சொல்லும் தகர அடுப்பு. அதிலிருந்து ஒரு குழாய் நேராகக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. நெருப்பு உள்ளே, புகை வெளியே. சமையல், சாப்பாடு, பிள்ளைகளின் பாடம், தூக்கம் எல்லாம் குளிர்காலத்தில் அந்த ஓர் அறையில்தான்.

வண்டியின் மேலே தூங்கப் போகிறோம் என்று சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே இந்தியில் கேட்டார்: "மேலே தூங்குறீங்க, சரி. கீழே என்ன கட்டியிருக்கீங்க?"

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. அவர் தரையைச் சுட்டிக் காட்டினார். நாங்கள் உட்கார்ந்திருந்தது மாடி. கீழ்த்தளத்தில் மாடுகளும் ஆடுகளும், அவற்றுக்கான வைக்கோலும். குளிர்காலம் முழுக்க அந்த உயிர்களின் வெப்பம் மேலே ஏறி இந்தத் தரையைச் சில்லிட விடாமல் வைத்திருக்கிறது. ஆர்-வேல்யூ என்று நாம் அட்டையில் தேடுவதை, இந்த ஊர் எத்தனையோ தலைமுறையாகக் கீழ்த்தளத்தில் கட்டி வைத்திருக்கிறது.

"எங்களுக்குக் கீழே இன்ஜின்தான் இருக்கு" என்றார் கணவர்.

"அது ராத்திரி செத்துப்போயிடுமே" என்றார் அந்த அம்மா. கிளம்பும்போது, நாங்கள் கேட்காமலே ஒரு பழைய கம்பளியைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். "இதை மேலே போர்த்தாதீங்க. அடியில போடுங்க."

விலை கொடுத்து வாங்கிய விரிப்புகளுக்கு மேல் அந்தக் கம்பளியையும் விரித்தோம். விடிகாலை 5 மணிக்கு வெளியே தொங்கவிட்ட வெப்பமானி மைனஸ் 9 காட்டியது. மூக்கு நுனி மட்டும் சில்லிட்டிருந்தது. முதுகு சூடாக இருந்தது.

விடிந்த பிறகு

காலையில் அவசரம் கூடாது. ஸ்பிட்டியின் காற்று வறண்டது, வெயில் உக்கிரமானது. வெயில் பட்டு ஒரு மணி நேரத்தில் கூடாரத் துணி காய்ந்துவிடும். ஈரத்தோடு மடித்தால் அடுத்த இரவு உள்ளே பனிக்கட்டியோடு படுக்க வேண்டியிருக்கும். ஜிப் உறைந்திருந்தால் பிடித்து இழுக்காமல் உள்ளங்கையால் சூடாக்கித் திறங்கள்.

வண்டிக்கும் குளிரும். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் அது உறைந்து இறுகிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இல்லாமல், சரியான விகிதத்தில் கூலன்ட் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். நடுக்குளிர் காலத்தில் சாதாரண டீசலில் இருக்கும் மெழுகு கட்டிப்படும். லடாக், காஸா போன்ற பகுதிகளுக்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. மலையடிவாரத்தில் நிரப்பிய டீசலோடு ஜனவரியில் மேலே ஏறுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகலாமா? அக்டோபர் தொடக்கத்தில், தாபோ உயரத்தில், ஓர் இரவு முயன்று பார்க்கலாம். லாங்சா உயரத்தில் சின்னக் குழந்தைகளைக் கூடாரத்தில் தூங்க வைக்காதீர்கள். இதய, நுரையீரல் சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உயரத்துக்கே வர வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உடம்பு விடாமல் நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, கூட வந்தவர் கேட்பதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால், அங்கே ஒரு நிமிடம்கூட வீம்பு பிடிக்கக் கூடாது. ஏணியில் இறங்கி, அருகில் உள்ள வீட்டின் கதவைத் தட்டுங்கள். ஸ்பிட்டியில் அந்தக் கதவு திறக்கும். அதனால்தான் முதல் இரவுகளை எப்போதும் ஒரு கிராமத்தின் பக்கத்தில், விளக்கு தெரியும் தூரத்தில் போட வேண்டும். கீழே சூடான ஓர் அறை இருக்கிறது என்று தெரிந்தால்தான் மேலே நிம்மதியாகத் தூக்கம் வரும்.